இடது கை செய்தது

இதனால் இசை அன்பர்கள் சகலருக்கும், இதுவரை இசை இருந்த திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்களுக்கும், பணிவுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: கீபோர்டு வாசிப்பவனுக்கு இரண்டு கைகள் உண்டு.

சிரிக்க வேண்டாம், செயலாளர் அவர்களே. பாதி ஆயுளை மேடையில் கழித்தவன் சொல்கிறேன், இந்தச் செய்தி இன்னும் பொதுமக்களைச் சென்றடையவில்லை.

போன வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். இசை அன்பர் மன்றத்தின் ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். என் காதுக்குள் வாயை வைத்து, "விழா மலருக்கு உங்க வாழ்க்கையை ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்! படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்!" என்று நீங்கள் கத்தியதில் எதிர்வீட்டு நாய் தூக்கம் கலைந்து குரைத்தது. பேனரில் போடப் போகும் வாசகத்தையும் காட்டினீர்கள். 'செவி மறுத்தும் சுருதி மறக்காத செம்மல்.'

அதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. 'செம்மல்' என்பதை விட்டுவிடலாம், அதை இப்போதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் போடுகிறார்கள். மற்ற இரண்டையும் திருத்த வேண்டியது என் கடமை.

முதலில் இடது கையைப் பற்றி.

கீபோர்டின் இடது ஓரத்தில், கட்டைகள் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சின்னச் சக்கரம் பாதி புதைந்து கிடக்கும். பிட்ச் வீல் என்பார்கள். மேலே தள்ளினால் ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் மேலே ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். விரலை எடுத்த உடனே உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், ஒன்றுமே நடக்காததுபோல. பக்கத்தில் இன்னொரு சக்கரம் ஸ்வரத்தை நடுங்கவைப்பதற்கு. காலடியில் ஒரு பெடல், ஒலியை ஊதிப் பெருக்கவும் அடக்கவும். இதெல்லாம் போதாதென்று, நல்ல கீபோர்டாக இருந்தால், அழுத்திய கட்டையையே இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒலி கனக்கும்.

நம்மவர்களில் பாதிப்பேர் இவற்றைத் தொடுவதே இல்லை. வயலின் ஒலியை வைத்துக்கொண்டு டைப் அடிக்கிறார்கள். வயலின்காரன் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறான். அந்த வழுக்கல்தான் பாட்டு. அது என் இடது கைக் கட்டைவிரலில் இருந்தது. புல்லாங்குழல் ஒலி வைத்தால், ஊதுகிறவன் எங்கே மூச்சு வாங்குவானோ அங்கே நான் பெடலைத் தூக்குவேன். சில சமயம் என் மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுவேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தச் சக்கரத்தில் கோடு கிடையாது, எண் கிடையாது. எவ்வளவு தள்ளினால் போதும் என்று அது சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். கட்டைகளைத் தட்டுவதற்குக் காது வேண்டியதில்லை, கட்டை தன் சுருதியைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். சக்கரத்துக்குக் காது வேண்டும்.

இதையெல்லாம் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமைசாலி. விளக்கம் முடிவதற்குள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு விளக்கமும் முடியவில்லை, அவளும் வரவில்லை.

மிச்சம் இருந்தவள் என் தங்கை. அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிக்கும் ஓர் ஆள். பேட் இல்லாத நேரத்தில் மேஜை, கார் கதவு, அடுத்தவன் முதுகு என்று எதையும் விட்டுவைக்காததால் அவனுக்குத் 'தட்டு' என்று பெயர் விழுந்தது. இவ்வளவுதான் எங்கள் குழு. கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, கடை திறப்பு. சுருதி உள்ள வாத்தியம் என்னுடையது ஒன்றுதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்யாண வரவேற்பு. அன்று அவள் பாட்டுக்கு நடுவே நான் வாசித்த வயலின் பகுதியில், என்னை நானே புகழ்ந்துகொள்வதாக நினைக்க வேண்டாம், கட்டைவிரல் அழுதது. முடிந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கு வந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே என் தங்கையிடம் போனார்.

"பாப்பா, நடுவுல அந்த வயலின் வந்துச்சே, என்னால தாங்க முடியலம்மா. அது என்ன, சிடியா?"

"இல்லைங்க. எங்க அண்ணன் வாசிச்சது."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இவரா? நான் வண்டி டிரைவர்னுல்ல நெனச்சேன்."

தட்டு காரில் வரும்போது என்னைத் தேற்றினான். "விடுங்க மாஸ்டர். உங்க கையை யாரும் பாக்கலேன்னு வருத்தப்படுறீங்க. என் மூஞ்சியவே யாரும் பாக்கறதில்ல. எங்க வீட்ல உட்பட."

தங்கை நல்லவள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மைக்கில், "இப்ப வாசிச்சது எங்க அண்ணன்" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னாள். தட்டினார்கள். பிச்சை போடுகிறவர்களிடம் வாங்கிக்கொள்கிறவனுக்குப் பாசம் பொங்கும் என்று நினைக்கிறவர்கள் வாங்கிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் சினிமாக்காரர் வந்தார். இசையமைப்பாளர். வேறொரு ஊரில் பெரிய ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஏதோ ஒரு கம்பெனி விழாவில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறார். தங்கை அடுப்படியில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"அவரோட குழுவுல என்னை நிரந்தரமா சேத்துக்கறேங்கறார். இன்னொரு தடவை நேர்ல கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போறாராம். அடுத்த மாசம் நம்ம பாங்க்காரங்க விழாவுக்கு வர்றாரு."

"நல்லது."

"என்னை மட்டும்தான். கீபோர்டுக்கு அங்க ஆள் இருக்காம்."

"இருக்காதா பின்ன."

"நீ வேணாம்னா வேணாம்ணே. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"பைத்தியமா உனக்கு? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. போ."

நான் மனதாரத்தான் சொன்னேன். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். தெரிந்துவிட்டது.

மறுநாள் பயிற்சியின்போது அவள் ஒரு நீண்ட ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்றால் கல்லில் அடித்த ஆணிபோல நிற்பாள். அடியில் என் வயலின் ஒலி. கட்டைவிரல் சக்கரத்தில் இருந்தது, அது எப்போதும் அங்கேதான் இருக்கும். ஒரு மயிரிழை இறக்கினேன்.

அவள் குரல் தயங்கியது. பிறகு இறங்கி என்னோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் விரலை எடுத்தேன். சக்கரம் நடுவுக்குப் போய்விட்டது. அவள் மட்டும் கீழே நின்றாள்.

இது எவ்வளவு சுத்தமான காரியம் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். வயலின் கம்பி தளர்ந்தால் தளர்ந்தே கிடக்கும், வருகிறவன் போகிறவனெல்லாம் தொட்டுப் பார்க்கலாம். என் சக்கரம் தானே நடுவுக்குப் போய் நின்றுகொள்ளும். சாட்சி சொல்லாது. அதோடு, கீபோர்டும் மனிதக் குரலும் ஒத்துப்போகாவிட்டால் உலகத்தில் எவனும் கீபோர்டைச் சந்தேகிப்பதில்லை. மெஷின் தப்பாது, மனுஷன்தான் தப்புவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. "இன்னொரு தடவை போலாமாண்ணே?" என்றாள். போனோம். அப்போது நான் ஏற்றினேன்.

ஏன் செய்தாய் என்பீர்கள். ஒரு பாடகி வெளியூர் போவதற்கு முன் அவள் சுருதி எவ்வளவு உறுதியானது என்று சோதித்துப் பார்ப்பது கூட வாசிப்பவனின் பொறுப்பு. அங்கே எப்படிப்பட்டவர்கள் வாசிப்பார்களோ, என்னவோ. ஒரு மயிரிழைக்கே ஆடிப்போகிறவளைப் பெரிய இடத்துக்கு அனுப்பி அவமானப்பட விடலாமா? அண்ணன் என்று நான் எதற்கு இருக்கிறேன்?

அந்த மாதம் முழுக்க இப்படியே போயிற்று. பயிற்சியில் தாராளமாக. மேடையில் சிக்கனமாக, மெதுவான பாட்டுகளில் மட்டும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். நான் நகர்ந்தால் நகர்ந்தாள், நின்றால் நின்றாள். தட்டுகூடக் கவனித்துவிட்டான். "என்ன மாஸ்டர், பாப்பா இப்பல்லாம் உங்க பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி வருது" என்றான். நாய்க்குட்டிக்குத் தனியாகப் போகத் தெரியாது என்பதுதானே அதற்குப் பொருள்.

வீட்டிலும் மாற்றங்கள் தெரிந்தன. டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தாள். என்னிடம் உரக்கப் பேசினாள். முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவதை விட்டுவிட்டு முகத்துக்கு நேரே வந்து நின்றாள். சொன்னதையே இரண்டு தடவை சொன்னாள். தன் காதைத் தானே நம்ப முடியாதவர்கள் இப்படித்தான் ஆவார்கள்போல என்று எண்ணிக்கொண்டேன். காது டாக்டர் வாசலில் அவள் தனியாக நிற்பதைப் பார்த்ததாகத் தட்டு வந்து சொன்னபோது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடுதான் செய்தேன் என்பதையும் தயவுசெய்து எழுத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பாங்க்காரர்கள் விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல். சினிமாக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வேகமான பாட்டுகளைப் பாடி முடித்து, எனக்காகவே வைத்திருக்கும் மெதுவான பாட்டுக்கு வந்தாள். நடுவில் தனியாக ஒரு நீண்ட ஸ்வரம், அடியில் நான் மட்டும். அங்கேதான் அவள் பேர் வாங்குவாள்.

இறக்கினேன். அவள் கூட இறங்கினாள். ஏற்றினேன், ஏறினாள். எந்த இடத்திலும் என்னைவிட்டுப் பிரியவில்லை. நேர்மையாகச் சொல்வதென்றால், அதுபோல அவள் என்றைக்கும் பாடியதில்லை. ஒரு சக்கரத்தின் நடுக்கத்தைக்கூடத் தொண்டையில் வாங்கிக்கொண்டு, என் விரல் நுனியில் உட்கார்ந்து பாடினாள். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்வரிசைக்காரர் மட்டும் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

முடிந்ததும் அவளை வெளியே கூப்பிட்டார். நான் பக்கவாட்டுக் கதவருகே ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் காரின் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். திரும்பவும் ஏதோ சொன்னார். அவள் இன்னும் அழுத்தமாக ஆட்டினாள். கார் போயிற்று. அவள் உள்ளே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

"என்னம்மா சொன்னார்?"

"சுருதி நிக்கலியாம்ணே."

"இவங்களுக்கெல்லாம் காது ஏது? விடு."

வீட்டுக்கு வந்து அவளுக்கு என் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும்.

இத்துடன் முடிந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. திறமை இருந்தும் சந்தர்ப்பம் கிடைக்காத ஒரு பாடகி. அப்படித் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, "எனக்குத் துணைக்கு வாண்ணே" என்று காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போனேன். அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகவே போனேன். வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் கதவைத் திறந்து, "கீபோர்டு வாசிக்கிறவர் யாருங்க?" என்றாள்.

"போண்ணே" என்றாள் தங்கை.

"நானா?"

அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே. உனக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நாளா நீ சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் சுருதி நகர்ந்துடுது. கட்டையில வாசிச்சா சரியா இருக்கு, சக்கரத்துல போனாதான் தப்புது. உன் கை தப்பாதுண்ணே. சின்ன வயசுலேர்ந்து நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். தப்பறது காதுதான். டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டேன், இந்தத் தொழில்ல வர்றதுதானாம்."

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நானும் உன் கூடவே நகர்ந்து பாடிட்டேன். பாங்க் விழாவுலகூட யாரும் கண்டுபிடிக்கலண்ணே."

செயலாளர் அவர்களே, என் இடது கையை யாரும் பார்ப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது தவறு. ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். டி.வி. சத்தத்தைக் கூட்டியது எனக்காக. முகத்துக்கு நேரே வந்து பேசியது எனக்காக. அவள் கண்ணில் நான் பார்த்த பயம் என்னைப் பற்றிய பயம்.

உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் உலகம் நின்றுவிடும். தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பொத்தான் இடது கைக்கு வந்தது. கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்தது, பழைய பழக்கம்.

முதல் ஒலி வந்தது. தெளிவாகக் கேட்டது. அடுத்தது அதைவிடச் சன்னமானது. அதுவும் கேட்டது. பிறகு ஒரு கொசுவின் பேத்தி தூரத்தில் பறப்பதுபோல ஒன்று. அதுவும்தான்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றுகொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு சுலபமானது. காது நல்லது என்றால் கை கெட்டது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கைதான் என் பிழைப்பு.

ஒன்றுமே அழுத்தாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது டைப் அடிக்கிறவன் வேலை. நான் உணர்ச்சியோடு செய்தேன். கனமான ஒலிகளுக்கு உடனே அழுத்தினேன். நடுத்தரமானவற்றுக்குக் கொஞ்சம் தயங்கி, காது தேடுகிறாற்போல முகத்தைச் சாய்த்து, தாமதமாக அழுத்தினேன். சன்னமானவை வந்தபோது விரல் பொத்தானின்மேல் லேசாக எழும்பி, நம்பிக்கை இழந்து, மெல்லப் படிந்தது. இடது காதை வலதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கெடுத்தேன், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் உயிர் இருக்காது. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக வாசித்ததில்லை. கைதட்டத்தான் ஆள் இல்லை.

டாக்டர் வருத்தப்பட்டார். காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள். "பாங்க் விழாவுல அந்த சினிமாக்காரர் கண்டுபிடிச்சுட்டார்ணே. கீபோர்டுதான் நகருது, உன் குரல்ல ஒரு குறையும் இல்லம்மா, நீ நாளைக்கே கிளம்பி வான்னார். வாசிக்கிறவருக்குக் காது போயிடுச்சு, அவரை எத்தனை நாள் தூக்கிச் சுமப்பேன்னார். நான் வரலேன்னுட்டேன். உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிண்ணே போறது?"

எல்லாம் கேட்டது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. இந்த இடத்தில் ஒரு மனிதன் பேசக்கூடிய வாக்கியங்கள் பல இருக்கின்றன. நான் பேசியது இது:

"என்னம்மா? கேக்கல. சத்தமாச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே! சாப்பிடப் போலாம்னேன்!"

நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் காது கேட்காது என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. தட்டு நாலு பேரிடம் சொன்னான், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். காது கேளாமலே வாசிக்கிறவர் என்று பேர் பரவியது. இப்போது கூட்டம் என் இடது கையைத்தான் பார்க்கிறது. வீடியோ எடுப்பவர்கள் சக்கரத்தின் பக்கத்திலேயே கேமராவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் என்னிடம் நேரே வருகிறார்கள். எவனும் டிரைவர் என்று நினைப்பதில்லை. இப்போதெல்லாம் எனக்கே ஒரு டிரைவர் இருக்கிறான்.

அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் சக்கரத்தைத் தொடும்போது அவள் விரல் என் தோளில் இருக்கும். சுருதி இறங்கினால் லேசாக மேலே நிமிண்டுவாள், ஏறினால் கீழே அழுத்துவாள். கெட்டுப்போன காதுக்கு நானும் விசுவாசமாக இருக்க வேண்டும் அல்லவா? பாட்டுக்கு இரண்டு இடத்தில் நானே இறக்கி, அவள் விரல் பட்டதும் நானே ஏற்றுகிறேன். கூட்டம் உருகுகிறது. "என்ன பாசம், என்ன பாசம்" என்கிறார்கள். பாசத்துக்கு மட்டும் மக்கள் எப்போதும் சரியான இடத்தில் கைதட்டிவிடுகிறார்கள்.

தட்டுக்கு மட்டும் ஒரு நாள் சந்தேகம் வந்தது. மேடையில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தலைவர் உரையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான். நான் சிரித்துவிட்டேன்.

"மாஸ்டர், நான் சொன்னது கேட்டுச்சா?"

"வாயசைவப் பாத்தேன்."

"நான் உங்க பின்னாடியில்ல இருந்தேன்."

நான் காது மெஷினைச் சரிசெய்துகொண்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பேடில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினான். அதற்குப் பிறகு என்னிடம் ஜோக் சொல்வதில்லை. அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது.

நீங்கள் போன வாரம் எழுந்து போன பிறகு நடந்தது ஒன்று உண்டு. உங்கள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அந்தச் சினிமாக்காரரையே கூப்பிட்டிருக்கிறீர்கள், அவர் கையால்தான் எனக்குக் கேடயம். நல்ல தேர்வு. அவர் அன்றே தங்கைக்கு போன் செய்தார். அடுப்படியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன், அதனால் அவள் எழுந்துகூடப் போகவில்லை. என் முன்னாலேயே பேசினாள்.

"தெரியும் சார். இதான் கடைசித் தடவைன்னு புரியுது சார்... ஆசை இல்லாம இல்ல. தெனமும் நெனச்சுக்குவேன்... இல்ல சார். மேடையில அண்ணனுக்கு என் விரல் வேணும். நான் எழுந்து போயிட்டா அவர் எங்க நிக்கறார்னு அவருக்கே தெரியாது... ஐயோ வேணாம் சார், விழாவுல அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சிடுவார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெங்காயத்தை உரித்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம்தான்.

ஆக, செயலாளர் அவர்களே, திருத்தம் இதுதான். செவி மறுக்கவில்லை. சுருதியை மறந்தவனும் இல்லை நான். எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நின்றேன், அவளையும் கூட நிறுத்திவைத்தேன். இன்றும் நிறுத்திவைத்திருக்கிறேன். நாளைக்கும் அப்படித்தான்.

ஆனால் இதை மலரில் போட முடியாது. பேனர் அடித்தாகிவிட்டது, ஹாலுக்கு முன்பணமும் கட்டியிருப்பீர்கள். இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு நாலு பக்கம் எழுதி அனுப்பிவைக்கிறேன். வறுமை, விடாமுயற்சி, தங்கையின் தியாகம் எல்லாம் அதில் இருக்கும். கண்ணீருக்கு நான் உத்தரவாதம்.

என்னைக் கெட்டவன் என்று நீங்கள் நினைக்கலாம். பாடகிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் அடியில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். அது இல்லாமல் தனியாக விட்டால் நாலு அடி போவதற்குள் வழுக்கிவிடுவார்கள். அவளை அந்த ஊரில், முன்பின் தெரியாதவன் வாசிப்பை நம்பி, எப்படி விடுவது? அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

இதை எழுதும்போது மெஷின் மேஜைமேல் இருக்கிறது. அது மேஜைமேல் இருக்கும்போது மட்டும், எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், அவள் அடுப்படியில் பாடுவாள். இப்போதும் பாடிக்கொண்டிருக்கிறாள். அந்த மெதுவான பாட்டுதான். அடியில் எந்த வாத்தியமும் கிடையாது.

சுருதி சுத்தமாக இருக்கிறது.